இரண்டாவது பேனல்

அவசர உதவிக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை எடுத்துப் பேசும் வேலையில் அவள் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தாள். காதில் ஹெட்போன், எதிரே இரண்டு திரைகள், கீழே ஒரு சுழல் நாற்காலி. தீப்பிடித்தது, மாரடைப்பு, குழந்தை நாணயத்தை விழுங்கிவிட்டது, மாடியிலிருந்து ஆள் விழுந்துவிட்டார் என்று ஊரில் நடக்கும் கெட்டதெல்லாம் முதலில் அவள் காதில்தான் விழும். ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பக்கத்தில் போனை வைத்துவிடுவார்கள். பிழைத்தாரா இல்லையா என்று யாரும் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னதில்லை. மீதிக் கதையை அவளேதான் முடித்துக்கொள்ள வேண்டும். அவள் மனசு முடித்துவைத்த கதைகளில் ஒன்றுகூட நல்லபடியாக முடிந்ததில்லை.

இப்படிக் கேட்டுக் கேட்டு, வீட்டிலிருக்கும் சாமான்கள் எல்லாம் சமயம் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. குளியலறை மிதியடி, பிரஷர் குக்கர், முழுசாக வாயில் போடும் திராட்சை, ஈரக் கையால் தொடும் சுவிட்சு. எல்லாவற்றுக்கும் மேலே ஏணி. ஏணியைக் கண்டால் அவள் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

அவள் கணவர் நேர்மாறு. லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் இடுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டே பிஸ்கட் தின்ற மனுஷர். அவளுக்கு அவர் வைத்த பெயர் சைரன். 'ஒண்ணுமே நடக்கிறதுக்கு முன்னாடி அலறுற சைரன் உலகத்துலயே என் வீட்ல மட்டும்தான் இருக்கு' என்று மகளைக் கட்டிய புது மாப்பிள்ளையிடம்கூடச் சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து போய், மூடியிருந்த கேஸ் வால்வை இன்னொரு தடவை மூடிவிட்டு வந்தாள்.

இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகு அவர் ஒரு பழைய கூரியர் வேனை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். இனி நாம் ஊர் சுற்றலாம், அதிலேயே படுத்து அதிலேயே சமைத்துக்கொள்ளலாம் என்றார். குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் மரம் அறுக்க விடமாட்டார்கள். அதனால் கார்களுக்கு பெயின்ட் அடிக்கும் ஒருவருடைய பட்டறை வளாகத்தில் ஒரு மூலையை வாடகைக்குப் பிடித்து அங்கே வேனை நிறுத்தினார். பெயின்டர் பேச்சுக் குறைவான ஆள், அரைக்கால் சட்டையில் எப்போதும் மூன்று நிறம் இருக்கும். அந்த மூலையில் கட்டில் வந்தது, அலமாரி வந்தது, சின்னத் தொட்டியும் குழாயும் வந்தன. அவர் போகும்போதெல்லாம் அவளும் கூடப் போய் ஒரு காலி பெயின்ட் டின்னைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். மகள் போனில் கேட்டால், உன் அப்பா சாகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பாள். விளையாட்டுக்குச் சொல்வதாக மகள் நினைத்துக்கொண்டாள்.

கடைசி வேலையாக வந்தவை சோலார் பேனல்கள், இரண்டு. கூரை வளைவுக்குத் தக்கபடி வளையும் மெல்லிய ரகமும் கடையில் இருந்தது. அவளுக்கு அதுவே போதும் என்றிருந்தது. பசை தடவி ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. அது சீக்கிரம் போய்விடும், கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் போட்ட கெட்டி ரகம்தான் காலத்துக்கும் உழைக்கும் என்று அவர் சொல்லிவிட்டார். ஒவ்வொன்றும் ஒரு கதவளவு. கனம் ஒருவர் தூக்கக்கூடியதுதான், ஆனால் அகலத்துக்குக் கை எட்டாது. அட்டைப்பெட்டியைப் பிரித்து வெயிலில் சாய்த்து வைத்தபோது அவர் எச்சரித்தார்.

"இதுக்கு சுவிட்சு கிடையாது, தெரியும்ல? வெயில் பட்டுட்டே இருக்கிற வரைக்கும் இதுக்கு உயிர் உண்டு. ஒயர் முனையைத் தொடாதே."

அதற்குப் பிறகு அவள் அவை இருந்த பக்கம் முதுகைக் காட்டி உட்காரவில்லை.

முதல் பேனலை ஏற்றியபோது காலை இளம் வெயில், காற்றே இல்லை. கூரையில் பென்சிலால் குறித்த இடங்களில் அவர் துளை போட்டார். துளை போடும்போது அவள் வேனுக்குள் நின்றுகொண்டு, இரும்புத் தூள் தலைமேல் கொட்ட, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். துளையின் ஓரத்தை அரத்தால் தேய்த்து, துருப் பிடிக்காமலிருக்க பெயின்ட் தொட்டுவைத்து, ரப்பர் பசையை மொத்தையாக வைத்து, அதன்மேல் அலுமினியத் தாங்கியைப் பதித்து போல்ட்டை இறக்கினார். உள்ளேயிருந்து அகலமான வாஷரை வைத்து நட்டைப் பிடித்துக்கொள்வது அவள் வேலை. மேலே அவர் முறுக்க முறுக்க அவள் கையிலிருந்த ஸ்பானர் துடித்தது. எல்லாம் முடிந்ததும் அவர் பேனலின் சட்டத்தைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். வேன்தான் ஆடியது, பேனல் அசையவில்லை. அவளுக்கே கொஞ்சம் தைரியம் வந்தது. அந்தத் தைரியத்தை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மதியம் காற்று கிளம்பியது. பட்டறைக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவிலிருந்த சந்து வழியாக விட்டு விட்டு வந்தது. வெயில் படாமலிருக்கப் பேனலை மூடியிருந்த போர்வை ஒரு தடவை பறந்து போய் பெயின்டரின் டிரம் மேல் விழுந்தது. பெயின்டர் சாமான் வாங்க வெளியே போயிருந்தார்.

"நாளைக்கு வெச்சுக்கலாங்க. காத்து ஏறுது."

"இன்னும் ஒண்ணுதானே? பத்து நிமிஷ வேலை."

பத்து நிமிஷ வேலை என்றுதான் மேலே ஏறினார், பத்து நிமிஷ வேலை என்றுதான் உள்ளே இறங்கினார் என்று எத்தனை பேர் அவளிடம் அழுதிருக்கிறார்கள். அதைச் சொல்லலாமா என்று நினைத்தாள். சொன்னால் சைரன் என்பார். எழுந்து ஏணியைப் பிடிக்கப் போனாள்.

வேனின் பக்கவாட்டில் ஏணியைச் சாய்த்து, ஏணியின்மேல் பேனலை வைத்து, கீழேயிருந்து அவள் தள்ள, கூரைமேலிருந்து அவர் இழுத்தார். கூரை வழுக்காமலிருக்கச் செருப்பைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு நின்றிருந்தார். லிஃப்ட் குழிக்குள் கயிறு இல்லாமல் ஒரு நாளும் காலெடுத்து வைக்காதவருக்கு, வேன் கூரைக்கு எதற்குக் கயிறு என்று தோன்றியிருக்க வேண்டும். பேனலின் மேல் விளிம்பு அவர் கைக்குப் போனதும், பிடித்துவிட்டேன், விட்டுவிடு என்றார்.

அவள் விட்டுவிட்டாள்.

அவர் பேனலை நிமிர்த்தி, திருப்பி வைப்பதற்காகத் தன் முன்னால் நட்டமாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்துச் சந்துக்குள்ளிருந்து காற்று வந்தது. பேனல் கப்பல் பாயைப் போல அதை அப்படியே வாங்கிக்கொண்டது. அவர் ஒரு எட்டு பின்னால் வைத்தார், பிறகு இன்னொரு எட்டு. பேனல் ஒரு கணம் அவள் நின்ற பக்கமாகச் சரிந்தது. அவர் உடம்பையே முறுக்கி அதை மறுபக்கம் இழுத்தது அவளுக்குத் தெரிந்தது. அவர் முகத்தில் பயம் இல்லை. ஏதோ மறந்துபோனதை நினைவுபடுத்திப் பார்ப்பவர் முகம் மாதிரி இருந்தது. அப்புறம் கூரைமேல் யாரும் இல்லை. வேனுக்கு அந்தப் பக்கம் சத்தம் மட்டும் கேட்டது.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். போனில் பின்னணியில் அதைக் கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு வரும் அமைதியும் தெரியும். ஆனால் இத்தனை வருஷத்தில் அவள் எதையும் கண்ணால் பார்த்ததில்லை. காதோடு சரி. இப்போது வேனைச் சுற்றிக்கொண்டு போனால் பார்த்தே ஆக வேண்டும். போகாத வரைக்கும் அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று ஒரு கோணல் யோசனை அவள் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. சுவரோரமாக ஒரு பூனை போய்க்கொண்டிருந்தது. அது நின்று அந்தப் பக்கம் பார்த்தது, அப்புறம் ஓடிவிட்டது. பூனை எதைப் பார்த்து ஓடியது என்ற எண்ணம்தான் கடைசியில் அவளை நகர்த்தியது.

பெயின்டர் கழற்றிப் போட்டிருந்த பழைய பம்பர்கள், கார்க் கதவுகள் மேல் அவர் பாதியும் தரையில் பாதியுமாகக் கிடந்தார். பேனல் அவர் கால்மாட்டில் கண்ணாடிப் பக்கம் மேலாக மல்லாந்து கிடந்தது. கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலையாக நொறுங்கியிருந்தாலும் சட்டத்தை விட்டுக் கொட்டவில்லை. சூரியன் நேராக அதன்மேல் அடித்துக்கொண்டிருந்தது. ஒயர்கள் இரண்டும் அவர் கைக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தன. அவர் கண் மூடியிருந்தது. தொண்டையிலிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

வேனுக்குள் ஓடித் தன் போனை எடுத்தாள். இருபது வருஷம் பழகிய அந்தச் சின்ன எண்ணே மூன்று தடவை தப்பாகப் போனது. இளம் பெண் குரல் ஒன்று எடுத்தது. முதல் கேள்வி என்ன என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

"எங்க இருக்கீங்கம்மா?"

அவளுக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு தடவையும் அவர்தான் வண்டி ஓட்டினார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் எதன்மேலும் மோதிவிடாமல் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். தெருப் பெயர்ப் பலகையை ஒரு நாளும் பார்த்ததில்லை. எங்கே இருக்கிறோம் என்றுகூடத் தெரியாமல் கூப்பிடுகிறார்களே என்று, கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே அவள் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறாள். இப்போது பெயின்ட் பட்டறை, பெயின்ட் பட்டறை என்று மட்டும் அவள் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் அவசரப்படவில்லை. "சரிம்மா. ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டு வாசல் கேட்டுக்குப் போங்க. எதிர்ல ஏதாவது கடை போர்டு தெரியுதா? அடியில பொடி எழுத்துல விலாசம் இருக்கும், அதைப் படிங்க."

அவரை விட்டுவிட்டு கேட்டுக்கு ஓடினாள். எதிரே ஒரு மெத்தைக் கடை. பலகையின் அடியில் எழுத்து இருந்தது, கண்ணில் நீர் நிறைந்து அது கலங்கித் தெரிந்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டும் குழந்தையைப் போலப் படித்தாள். வண்டி கிளம்பிவிட்டது, நீங்கள் அவரிடம் திரும்பிப் போங்கள் என்றது குரல்.

திரும்பி வந்தபோது குறட்டைச் சத்தத்தின் நடுவே இடைவெளி விழ ஆரம்பித்திருந்தது. இதுவும் அவளுக்குத் தெரியும். நாக்கு உள்ளே மடிந்து மூச்சை அடைக்கிறது. கழுத்தைத் திருப்பக் கூடாது, தாடையை முன்னுக்குத் தூக்க வேண்டும். நூறு பேருக்குச் சொல்லியிருப்பாள். ஆனால் அவர் தலைமாட்டில் மண்டியிட வேண்டுமானால் அந்த ஒயர்களைத் தாண்ட வேண்டும். வெயில் பட்டுட்டே இருக்கிற வரைக்கும் இதுக்கு உயிர் உண்டு. டிரம் மேல் கிடந்த போர்வை நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து, சீறும் பாம்பின்மேல் போடுவது போல எட்ட நின்று பேனல்மேல் வீசினாள். ஒரு ஓரம் மூடவில்லை. கால் நுனியால் இழுத்து விட்டாள். அதற்குமேல் யோசிக்கவில்லை, தாண்டிவிட்டாள்.

"ரெண்டு கையையும் அவர் கன்னத்துக்குப் பக்கத்துல வைங்க. விரலைத் தாடை மூலையில குடுத்து அப்படியே மேல தூக்குங்க. தலை ஆடக் கூடாது. சத்தம் மாறுதா?"

"தெரியும்" என்று சொல்ல வந்தாள். "மாறுது" என்றுதான் வாயில் வந்தது.

குறட்டை நின்று மூச்சு வந்தது. அவர் மோவாயில் அன்று காலை சவரம் செய்யாத முள் முடி அவள் விரலில் குத்தியது. ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தப் பெண் விடாமல் பேசிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினாள் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள்தான் நானும் என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தக் குரல் கேள்வியைச் சுருக்கியிருக்குமோ, தெரிந்தவர்தானே என்று சீக்கிரம் விட்டுவிட்டிருக்குமோ என்று ஒரு பயம். விட்டுவிடாதே என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே அவள் தாடையைப் பிடித்திருந்தாள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் விலக்க வேண்டியிருந்தது.

தோள்பட்டை எலும்பும் மூன்று விலா எலும்புகளும் முறிந்திருந்தன. அது பரவாயில்லை, தலைக்குள் கொஞ்சம் ரத்தம் கசிந்திருக்கிறது, அதுதான் பார்க்க வேண்டியது என்றார் டாக்டர். பார்க்க வேண்டியது என்றால் என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை. மகள் வந்து சேர்ந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்து நர்ஸ் வெளியே வரும்போதெல்லாம் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கண் விழித்தவர் முதலில் அவளை அக்கா என்று கூப்பிட்டார். அவருடைய அக்கா இறந்து பல வருஷமாகிறது. மகள் வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள். இவள் அழவில்லை. என்ன தம்பி என்று கேட்டு, வாயில் தண்ணீர் தொட்டு வைத்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரையும் அடையாளம் தெரிந்தது. அன்றைய நாள் மட்டும் திரும்பவே இல்லை. வேனில் ஏறியதே ஞாபகமில்லை என்றார்.

பொது வார்டுக்கு மாற்றிய பிறகு அவரோடு வேலை பார்த்த பழைய கூட்டாளி பார்க்க வந்தார். பெரிய உருவம், மெல்லிய குரல். நடந்ததையெல்லாம் அவளிடம் கேட்டுக்கொண்டார். கையிலிருந்த பேனலை ஏன் அவர் விடவில்லை என்று அவளுக்குப் புரியவேயில்லை, விட்டிருந்தால் நின்றிருக்கலாமே என்றாள். கூட்டாளி ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே சொன்னார்:

"விட மாட்டாரும்மா. எங்க பொழப்பு அப்படி. கைல இருக்கிறதை விட்டா கீழ ஆள் நிப்பாங்க. ஸ்பானர் ஒண்ணு விழுந்தாலே மண்டை போயிடும்."

அவள் தலையாட்டினாள். பிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். தாழ்வாரத்தின் கோடிவரை நடந்தாள். பேனல் தன் பக்கம் சரிந்ததும் அவர் உடம்பை முறுக்கியதும் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தன. கீழே நின்றது அவள். அந்தக் கோடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வந்த பயம், அன்று வேனைச் சுற்றிப் போகும்போது வந்ததைவிட அதிகமாக இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு வரும் இந்தப் பயத்துக்கு என்ன செய்வது என்று அவள் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

வீட்டுக்கு வந்தார். எலும்பு கூடியது. ஆனால் வந்தவர் வேறு ஆளாக இருந்தார். நாலு மாதம் போனபின் ஒரு நாள் கூடத்து பல்பு போய்விட்டது. ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக எழுந்தது. காலை எடுத்துவிட்டு, இருட்டிலேயே இருக்கலாம், கண்ணுக்கு நல்லது என்றார். பிறகு படிக்கட்டில் கைப்பிடியை விடாமல் நடக்க ஆரம்பித்தார். ஒரு நாள் காலை அவள் சமையலறைக்குப் போனபோது அவர் கேஸ் வால்வைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதைப் பார்த்ததும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இத்தனை வருஷம் அவள் எதற்கும் பயப்படலாம் என்றிருந்ததே, பயப்படாத ஒருவர் பக்கத்தில் இருந்ததால்தான். ஒரு வீட்டுக்கு ஒரு சைரன் போதும். இரண்டும் சேர்ந்து அலற ஆரம்பித்தால் யார் எழுந்து கதவைத் திறப்பது?

வேனை விற்றுவிடலாம் என்று மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் அவர் சரி என்றதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் அதே அளவில் ஒரு பேனலை வாங்கி நேராகப் பட்டறையில் இறக்கச் சொன்னாள். பெயின்டர், நானும் எனக்குத் தெரிந்த ஒரு பையனும் போட்டுவிடுகிறோம், நீங்கள் எதற்கு என்றார். இல்லை, நீங்கள் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் என்றாள். ஏன் என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. தன் கணவர் பார்க்க வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் சொன்ன முறைப்படிதான் நடந்தது. வேனின் இரண்டு பக்கமும் பெயின்டர் சாரம் கட்டிப் பலகை போட்டார். அவள் இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை பட்டறையில் அசையாமல் நின்ற ஒரு லாரியின் கொக்கியில். காற்றை அறிய ஏணி முனையில் ஒரு துணி நாடாவைக் கட்டி, அது தொய்ந்து தொங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து, இரண்டு தடவை வந்து வேலை செய்யாமலே திரும்பிப் போனார்கள். மூன்றாம் தடவை விடிந்த கையோடு வந்தார்கள். நாடா அசையவில்லை. பேனலின்மேல் போர்வையைப் போட்டுக் கட்டி, சாய்த்த இரண்டு பலகைகள்மேல் படுக்கவைத்தே கயிற்றால் இழுத்தார்கள். ஒரு இடத்திலும் நிமிர்த்தவில்லை.

கணவரையும் கூட்டி வந்திருந்தாள். நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு, நான் திரும்ப மாட்டேன், முடிந்ததும் சொல் என்று உட்கார்ந்தார்.

கூரைமேல் நிற்க அவளால் முடியவில்லை. முட்டி போட்டாள், அப்புறம் வயிற்றால் ஊர்ந்தாள். முழங்கால் தகரத்தில் தடதடவென்று அடித்துக்கொண்டது, அந்தச் சத்தம் வளாகம் முழுக்கக் கேட்டது. தாங்கிகள் ஏற்கெனவே அவர் பதித்தவை. சட்டத்தின் துளையும் தாங்கியின் துளையும் ஒரு நூல் விலகி நின்றன. அவள் முதல் போல்ட்டை முறுக்க ஆரம்பித்தாள்.

"முழுசா முறுக்காதே" என்றது சுவர்ப் பக்கத்திலிருந்து குரல். "எல்லாத்தையும் பாதி பாதி விட்டுட்டு வா. அப்பத்தான் மத்த துளை நேரா வரும்."

அவள் ஸ்பானரைத் திருப்பித் தளர்த்தினாள். பெயின்டர் அந்தப் பக்கம் அதேபோலச் செய்தார். மீதித் துளைகள் நேராக வந்தன. கணவர் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பானர் சத்தத்தை வைத்தே எந்த போல்ட் என்று சொன்னார்.

கடைசி போல்ட்டுக்கு முன்னால் நாடா அசைந்தது. அவ்வளவுதான். அவள் பேனல்மேல் குப்புறப் படுத்து இரண்டு கையாலும் சட்டத்தைக் கட்டிக்கொண்டாள். அது வெறும் சின்னக் காற்று, போய்விட்டது என்றார் பெயின்டர். கடைசி போல்ட்டை அவரே வந்து முறுக்கினார். முடிந்தது அம்மா, இறங்குங்கள் என்றார். அவளால் கையை எடுக்க முடியவில்லை. இறங்குவதற்குக் காலை விளிம்புக்கு வெளியே விட வேண்டும். அங்கே ஒன்றுமே இல்லை என்று அவள் உடம்பு அடித்துச் சொன்னது. சாரம் அங்கேதான் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியவில்லை. பெயின்டர் கெஞ்சிப் பார்த்தார். வெயில் ஏறியது. போர்வைக்கு அடியிலிருந்த கண்ணாடியின் சூடு கன்னத்தில் ஏறியது.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. காலடி ஒன்று வந்து நின்றது, திரும்பிப் போனது, மறுபடி வந்தது. அப்புறம் ஏணி ஒருமுறை முனகியது. அவள் கணுக்காலை ஒரு கை பற்றியது.

"கால் என் கையில இருக்கு. இறக்கு."

"நீங்க ஏறாதீங்க."

"ரெண்டு படிதான் ஏறியிருக்கேன். அதுக்கு மேல கேக்காதே, எனக்கே மயக்கமா வருது. சீக்கிரம் இறக்கு."

கால் நடுங்கியது. பிடித்த கையும் நடுங்கியது. எது யாருடைய நடுக்கம் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இருந்தது. அவள் ஒரு காலை இறக்கினாள். அவர் அதைப் பலகைமேல் வைத்து, உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அடுத்த கால். தரைக்கு வந்ததும் அவர் அவள் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். பெயின்டர் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தனக்கு வேறு வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டார்.

இப்போது அவர்கள் அந்த வேனில் போகிறார்கள். ரொம்ப தூரம் இல்லை. மகள் கேலி செய்கிற அளவுக்கு மெதுவாகப் போகிறார்கள், பின்னால் வருபவர்கள் ஹாரன் அடித்துத் தாண்டிப் போகிறார்கள். முதல் பயணத்தில் ஒரு ஏரிக்கரையில் நிறுத்தினார்கள். மின்விசிறி ஓடியது, சின்னக் குளிர்பெட்டி முனகியது, எல்லாம் கூரையிலிருந்து வரும் கரண்டில்தான். அவள் டீ போட்டுக்கொண்டிருந்தபோது ஏரிமேலிருந்து காற்று கிளம்பி வேனை லேசாகத் தாலாட்டியது. மேலே ஏதோ முனகியது. இருவரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"திரும்பிடலாமா?" என்றார்.

"டீ போட்டாச்சு. குடிச்சிட்டுப் பார்க்கலாம்."

குடித்தார்கள். காற்று அடங்கவில்லை. அவர் முதலில் இறங்கினார், அவளும் பின்னாலேயே இறங்கினாள். அவர் அந்தப் பக்கமும் அவள் இந்தப் பக்கமுமாக நின்று, கண்ணுக்குமேல் கையை வைத்துக் கூரையைப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர் காற்றுச் சத்தத்தை மீறிக் கத்திச் சொன்னார். அவள் தன் பக்கத்துத் தாங்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.